நூற்று நாற்பத்து மூன்றாம் துளை

வானத்தை ஆராயும் நிலையத்தில் வேலை என்று சொன்னால் கேட்கிறவர்கள் உடனே ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவர்களுக்கு நினைப்பு. நம் செருகல்காரருக்கு அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொள்ளவும் தெரியாது, மறுத்துச் சொல்லவும் வராது. பத்தொன்பது வருஷத்தில் அந்தத் தொலைநோக்கி வழியாக அவர் ஒரு தடவைகூட எதையும் பார்த்ததில்லை. காலை எட்டரைக்கு வருவார், ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுப் பேருந்து பிடிப்பார். அவருடைய அறை கீழ்த்தளத்தில், ஜன்னல்கூடக் கிடையாது.

அறைக்கு நடுவே ஒரு மேஜை. அதன்மேல் நெஞ்சகலத்துக்கு ஒரு அலுமினியத் தகடு. தகட்டில் முந்நூறு பொடித் துளைகள். ஒவ்வொரு துளையும் வானத்தில் குறிப்பிட்ட ஒரு பொருளுக்கென்று அளந்து போட்டது. இரவில் தகட்டைத் தொலைநோக்கியில் மாட்டினால் அந்தந்தப் பொருளின் வெளிச்சம் அதனதன் துளையில் வந்து விழும். துளையில் ஒரு கண்ணாடி இழை செருகியிருந்தால் வெளிச்சம் அதன் வழியே ஓடி ஒரு கருவிக்குப் போகும். கருவி அதை நிறம் நிறமாகப் பிரித்து, அந்தப் பொருள் நம்மைவிட்டு என்ன வேகத்தில் விலகிப் போகிறது என்று சொல்லும். வேகம் குறைவு என்றால் அது நம் பக்கத்து நட்சத்திரம். நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றால் அது தூரத்தில், விண்மீன் மண்டலங்கள் கொத்தாகக் கூடிக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய சமாச்சாரத்தில் இழையைத் துளையில் செருகுவது மட்டும் கை வேலை. பதிவேட்டில் அவருடைய பதவிக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் உண்டு. வாய்க்கு வந்தது செருகல்காரர்தான்.

இங்கே வருவதற்கு முன்னால் தொலைபேசி நிலையத்தில் கம்பி இணைக்கிற வேலை. ஆயிரம் கம்பிகளுக்கு நடுவே ஒன்றுக்கு ஒன்று மாறாமல் முடிச்சுப் போட்ட கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் இங்கே எடுத்தார்கள். ஒவ்வொரு இழையின் நுனியிலும் வெள்ளை வளையத்தில் எண் இருக்கும். மற்றவர்கள் ஒன்றை எடுத்து, எண்ணைப் படித்து, செருகி, தாளில் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இவர் இரண்டிரண்டாக எடுப்பார். சின்ன எண் இடது கையில், பெரிய எண் வலது கையில். இரண்டையும் செருகிவிட்டு இரண்டு குறியையும் சேர்த்துப் போடுவார். ஒரு தகடு முடிக்க மற்றவர்களுக்கு அரை நாள் ஆகும். இவருக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு தப்பு வந்ததில்லை.

அவருடைய மனைவி கல்யாணமான புதிதில் இந்தக் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினாள். பையனுடைய காலில் ஏறிய கண்ணாடித் துண்டை அவன் அலறிய அலறலுக்கு நடுவே நிதானமாக எடுத்தவர் அவர். "வீடே இடிஞ்சு விழுந்தாலும் உங்க கை ஆடாது" என்றாள். அதே வார்த்தையைப் பிற்பாடு வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். மகள் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று இவர் நாற்காலிமேல் ஏறி நின்று ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற மனைவி அவர் கையையே பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். இந்தத் தடவை அதில் பெருமை இல்லை.

மகள் போனது மனைவியின் அண்ணன் வீட்டுக்கு. பெரிய ஊரில் மூன்று மாடி வீடு, மரக்கடை, ஒரு வேளைக்குப் பதினான்கு பேர் சாப்பிடுகிற அடுக்களை. ஒவ்வொரு வருஷமும் விடுமுறைக்கு நான்கு பேரும் அங்கே போய் வருவார்கள், போய் வந்த கையோடு வீட்டில் ஏதாவது ஒன்று குறையும். முதலில் பையன், அங்கே பள்ளிக்கூடம் நல்லது என்றார்கள். பிறகு மகள், மாமா பெண்ணோடு சேர்ந்து படிக்கட்டும் என்றார்கள். பிறகு அலமாரி, பெரிய பாத்திரங்கள். சும்மாத்தானே கிடக்கிறது என்றார்கள். கடைசியில் அண்ணிக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாசம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவியும் போனாள். யாரும் சண்டை போடவில்லை. மச்சான் தங்கமான மனிதர், பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்வார். அதுதான் கொடுமை, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. மூன்று அறை வீட்டில் இவர் இப்போது ஒரே அறையில் இருக்கிறார். மற்ற இரண்டையும் கூட்டுவதற்கு மட்டும் திறப்பார்.

கீழ்த்தளத்துக்கு யாரும் தேடி வருவதில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண். மேல்மாடியில் சாப்பிட உட்கார்ந்தால் ஆளாளுக்குக் கட்டுரை என்ன ஆச்சு என்று கேட்டுப் பிராணனை வாங்குகிறார்கள் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு இவர் அறைக்கு வந்துவிடுவாள். ஸ்பூனைக்கூட இங்கேயே ஒரு குவளையில் போட்டு வைத்திருந்தாள். அவள் பேசுவாள், இவர் இழைகளைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

அவள் தேடியது ஒரு விசித்திரமான வகையை. குள்ளன்கள் என்று செல்லமாகச் சொல்வாள். கோடிக்கணக்கில் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சின்ன இடத்தில் கிடக்கும். படத்தில் பார்த்தால் வெறும் புள்ளி, நம் பக்கத்து நட்சத்திரம் மாதிரியே இருக்கும். அதனால் எத்தனையோ வருஷமாக அவற்றை நட்சத்திரம் என்றே தள்ளிவிட்டார்கள். தகட்டில் மண்டலங்களுக்குப் போக மிஞ்சும் இழைகளை வீணாக்க வேண்டாமே என்று இந்தப் புள்ளிகள்மேல் வைத்தபோதுதான் வேகம் தெரிந்து குட்டு உடைந்தது. இவள் காலத்தில் இவர் செருகிய மிச்ச இழைகளில் மட்டும் பதினொரு குள்ளன்கள் அகப்பட்டிருந்தன.

அவை எப்படி வந்தன என்று ஒருநாள் இவர்தான் வாயைத் திறந்து கேட்டார்.

"கொத்துக்கு நடுவுல பெரிய மண்டலம் ஒண்ணு உக்காந்திருக்கும் அண்ணே. சின்ன மண்டலம் அது பக்கமாச் சுத்திச் சுத்திப் போகும். ஒவ்வொரு தடவை கிட்டப் போறப்பவும் வெளிப்பக்கத்து நட்சத்திரத்தை எல்லாம் பெரிசு இழுத்துக்கும். கடைசில நடு முடிச்சு மட்டும் மிஞ்சும். அதான் குள்ளன்."

செருகல்காரர் துடைத்துக்கொண்டிருந்த இழையைக் கீழே வைத்தார். எல்லாமே அப்படித்தானா என்று கேட்டார்.

"இல்ல. சிலது பொறந்ததுலேர்ந்தே அவ்வளவுதான், வெறும் நட்சத்திரக் கும்பல். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதான் சண்டையே."

அன்றைக்குப் பேருந்தில் அவர் இதையே நினைத்துக்கொண்டு போனார். மச்சான் வீட்டுக்காரர்களைக் கேட்டால் இவர் பிறந்ததிலிருந்தே அவ்வளவுதான் என்பார்கள். இல்லை, ஒரு காலத்தில் என்னைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள், வீட்டில் சத்தம் இருந்தது என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது? இரண்டு காலி அறைகள்.

அவளுடைய ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை குழு கூடும். ஆய்வுத் தலைவர் 'பிறந்ததிலிருந்தே அவ்வளவுதான்' கட்சி. முதல் பத்துக் குள்ளன்களும் மொட்டைப் புள்ளிகள். அவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் பதினொன்றாவது வேறு. போன வருஷத் தகட்டில் நூற்று நாற்பத்து மூன்றாம் துளை. படத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒரு கசிவு தெரிந்தது. பறிபோன பழைய உடம்பின் மிச்சம் என்றாள். அவளுடைய வேலை, அடுத்த மூன்று வருஷம் எல்லாம் அந்த ஒரு துளைமேல்தான் நின்றது.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். நூற்று நாற்பத்து நான்காம் துளை ஒரு மங்கலான மண்டலத்துக்குப் போட்டது, ஆனால் அதிலிருந்து வந்த வேகம் நட்சத்திர வேகம். குறுக்கே ஏதோ பக்கத்து நட்சத்திரம் நிற்கிறது போல, அதை ஒதுக்கிவிட்டேன் என்றாள்.

அவள் போனபிறகு செருகல்காரர் பழைய தாள்களை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அந்தத் தகடு அவருக்கு நினைவிருந்தது. நூற்று நாற்பத்து மூன்று இடது கையில், நூற்று நாற்பத்து நான்கு வலது கையில். அப்படி எடுத்த நேரத்தில்தான் அன்றைக்குச் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் அவர் எடுப்பதில்லை. ஆனால் திரையில் 'வீடு' என்று வந்தது. மனைவியின் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார், அவள் வீட்டைவிட்டுப் போன பிறகும் மாற்றவில்லை. இழைகள் இரண்டையும் துணிமேல் வைத்துவிட்டு எடுத்தார்.

"நான் இங்கேயே இருந்துடறேன். எதிர்பாக்காதீங்க" என்றாள் மனைவி.

இவர் "சரி" என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு இழைகளை எடுத்துச் செருகினார், குறி போட்டார். இப்போது எவ்வளவு யோசித்தாலும் வளையத்து எண்ணை மறுபடி படித்த ஞாபகம் வரவில்லை. இடம் வலமாக மாறியிருந்தால் கணக்குச் சுத்தமாகச் சரியாகிறது. மண்டலத்தின் வேகம் புள்ளியின் பேரில் போயிருக்கும், புள்ளியின் வேகம் மண்டலத்தின் பேரில் வந்திருக்கும். புள்ளி வெறும் நட்சத்திரம். குள்ளனும் இல்லை, பறிபோன உடம்பும் இல்லை.

இழைகளை அடுத்த நாளே உருவிவிட்டார்கள், தகட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி அளக்கலாம் என்றால் அந்தக் கொத்து சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது, ஐந்து மாசம் கண்ணில் படாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை அவள் டப்பாவைத் திறந்ததும் சொல்லிவிட்டார்.

"அந்த ரெண்டையும் மாத்திச் செருகிட்டேன்மா."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நினைக்கறீங்களா, நிச்சயமாத் தெரியுமா?"

"அன்னிக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. கை ஆடிருச்சு."

என்ன ஃபோன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு எண்களையும் எழுதி, இரண்டு வேகத்தையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். "பொருந்துது அண்ணே" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவள் நினைத்திருந்தால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாம். அவள் அந்த ரகம் இல்லை. அன்று சாயங்காலமே நூற்று நாற்பத்து மூன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

குழு அவளுடைய நேர்மையைப் பாராட்டித் தனியாக ஒரு குறிப்பு எழுதியது. ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. இந்த மாதிரிக் குழுக்களுக்குப் பாராட்டுவதற்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. செருகல்காரருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: தகட்டறையில் ஃபோன் கூடாது, இழைகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவள் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு கிளம்பி வேறு ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, டியூஷன் எடுத்துக்கொண்டு இருக்கப் போவதாகச் சொன்னாள். இவரிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. ஸ்பூன் குவளையிலேயே தங்கிவிட்டது.

இனி சொல்லப்போவதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டுதான் நினைத்துக்கொள்வார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்ட துக்கத்துக்கு அடியில், அவருக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அன்றைக்குக் கை ஆடியிருக்கிறது. பெண்டாட்டி வரமாட்டேன் என்று சொன்னபோது அவர் கல்லு மாதிரி நின்றுவிடவில்லை. உள்ளே ஏதோ இடிந்து விழுந்து, அது கைவரைக்கும் வந்திருக்கிறது. வானத்தில் ஒரு எண் தப்பாகிற அளவுக்கு வந்திருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

இரண்டு மாசம் கழித்து மனைவி தையல் மிஷினை எடுத்துப் போக வந்தாள். மச்சான் வண்டி அனுப்பியிருந்தார். மிஷினை ஏற்றி முடித்து, அவள் கிளம்ப நின்றபோது இவர் சொன்னார்.

"அன்னிக்கு நீ வரலன்னு ஃபோன் பண்ணப்ப என் கை ஆடிருச்சு. வேலையில தப்பாயிருச்சு. ஒரு பொண்ணுக்கு வேலையே போச்சு."

அவள் அவர் கையைப் பார்த்தாள். "உங்களுக்கா?" என்றாள். வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு, சாயங்காலப் பேருந்து வரைக்கும் இருந்தாள். டீ போட்டாள். பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து ஜன்னலைத் தள்ளிவிட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு தடவை ஃபோன் செய்தாள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். அண்ணியிடம் சொல்லிவிட்டு ஒரு பத்து நாள் வந்து இருந்து பார்க்கிறேன் என்றாள். இவர் கடைக்குப் போய் போன அலமாரிக்குப் பதிலாகச் சின்னதாக ஒன்று வாங்கிப் போட்டார். தனக்குச் சிரிப்பு வருகிறதே என்று தானே ஆச்சரியப்பட்டார்.

சூரியன் விலகியது. கொத்து மறுபடி தெரிய ஆரம்பித்ததும் ஆய்வுத் தலைவர் புதிதாக ஒரு தகடு போட்டார். மிச்ச இழைகளுக்கான பட்டியலில் ஒரு வரியின் பக்கத்தில் 'பழைய 143' என்றும், அடுத்ததில் 'பழைய 144' என்றும் இருந்தது. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சேர்த்திருந்தார்கள். செருகல்காரர் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த இரண்டின் எண்ணையும் மூன்று தடவை படித்தார். கணினிப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார்.

நாலாம் நாள் கணினிக்காரர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். நல்ல செய்தி கொண்டுவருகிறவனுடைய முகம்.

"உங்க நூத்திநாப்பத்திமூணு அசல் குள்ளன்தான்யா. போன வருஷம் வந்த அதே வேகம். பக்கத்து மண்டலத்துலயும் அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே ஒரு நட்சத்திரம் குறுக்க நிக்குது. நீங்க எதையும் மாத்திச் செருகல."

சுற்றி இருக்கும் கசிவையும் தலைவர் ஒத்துக்கொண்டுவிட்டார், கட்சி மாறிவிட்டார், கட்டுரையை அவரே எழுதப்போகிறார் என்றும் சொன்னார். தோளில் தட்டினார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு தப்பு கிடையாது. இதை முதல்லயே நம்பியிருக்கலாம் நீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனார். செருகல்காரர் குவளையில் கிடந்த ஸ்பூனை எடுத்துத் துடைத்து மறுபடி அதிலேயே போட்டார்.

ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது. இவர் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. கட்டுரை யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் கேட்டாள். இவர் சொன்னார்.

"பரவால்ல அண்ணே. அது நிஜமா இருக்கே, அது போதும்" என்றாள். அவளுக்கு அது போதவில்லை என்பது குரலில் தெரிந்தது. பிறகு கேட்டாள்: "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட நான் அதைப் பட்டியல்ல வெச்சிருப்பேன். ஏன் அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்க?"

இரண்டு பேருந்துகள் வந்து போயின.

"அன்னிக்கு ஆடியிருக்கணும்மா" என்றார். "ஆடியிருக்கணும்."

அவளுக்குப் புரிந்திருக்க வழியில்லை. அக்கா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள். இவர் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபோன் மறுபடி அதிர்ந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. சனிக்கிழமை எந்தப் பேருந்தில் வருகிறேன் என்று சொல்வதற்காக இருக்கும். எடுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் மறைத்து அவருக்குப் பழக்கம் இல்லை. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விட்டு விட்டு அதிர்ந்து, ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஃபோன்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. கை ஆடவில்லை.